சூடோவின் ‘பாரன் சமெடிட்’ ஓட்டை: பழைய லினக்ஸ் சர்வரில் சோதிப்பதும் அடைப்பதும்

குவாலிஸ் நிறுவனம் 2021 ஜனவரி 26 அன்று வெளியிட்ட சிவிஇ-2021-3156 (ஓட்டைகளை அடையாளம் காட்டும் பொது எண்) தான் இந்த ஓட்டை. ரூட் (மெஷினின் முழு அதிகாரக் கணக்கு) அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சூடோ நிரலில் உள்ள ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய மெமரியைத் தாண்டி எழுதும் பிழை. 2011 ஜூலையில் நுழைந்த பிழை இது. மெஷினில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர், சூடோவை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலில் பேரே இல்லாவிட்டாலும், பாஸ்வேர்டு தராமலே ரூட் ஆகிவிடலாம்.

முதலில் சோதனை. ரூட் அல்லாத கணக்கில் நுழைந்து சூடோஎடிட் (சூடோ வழியாக ஃபைலைத் திருத்தும் கட்டளை) என்று அடித்து, இடம் விட்டு ஹைஃபனும் சின்ன எஸ்ஸும், மறுபடி இடம் விட்டு ஒரு ஸ்லாஷும் கொடுங்கள். ‘யூஸேஜ்’ என்று பதில் தொடங்கினால் சரி. ‘சூடோஎடிட்’ என்று பிழைச்செய்தி தொடங்கினாலோ பாஸ்வேர்டு கேட்டாலோ ஓட்டை திறந்திருக்கிறது.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். 1.8.2 முதல் 1.8.31பி2 வரையும், 1.9.0 முதல் 1.9.5பி1 வரையும் பாதிப்பு; சூடோவின் மூல வெளியீட்டில் திருத்தம் வந்தது 1.9.5பி2-இல். ஆனால் உபுண்டு 20.04 பழைய 1.8.31-க்குள்ளேயே பேட்ச் வைத்துத் தந்தது. எண் பழசாகத்தான் தெரியும். பேக்கேஜின் சேஞ்ச்லாகில் 3156 என்று தேடினால் சந்தேகம் தீரும்.

அப்டேட்டுக்கு முன் இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல்லைத் திறந்து வையுங்கள். ஆப்ட் அல்லது யம் மூலம் சூடோ பேக்கேஜை மட்டும் ஏற்றினால் போதும், ரீபூட் வேண்டாம். பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான்: எப்போதோ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த சூடோ, யூஎஸ்ஆர் லோக்கலில் அப்படியே கிடக்கும். ஃபைண்டில் 4000 பெர்மிஷன் கொடுத்து செட்யூஐடி ஃபைல்களை (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுபவை) வரிசையாகப் பாருங்கள்.

பிழையின் வேர் ஒரு பேக்ஸ்லாஷ். ஷெல் முறையில் (ஹைஃபன் எஸ் கொடுத்தால்) சூடோ சிறப்புக் குறிகளுக்கு முன் பேக்ஸ்லாஷ் சேர்க்கும், பிறகு நீக்கும். சூடோஎடிட்டில் சேர்ப்பது நடக்காது, நீக்குவது மட்டும் நடக்கும். ஆர்க்யுமென்ட் (கட்டளையோடு தரும் உள்ளீடு) ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிந்தால், ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டையும் சாதாரண எழுத்தாக எண்ணித் தாண்டிவிடும். அடுத்திருக்கும் மெமரியையெல்லாம் ஆர்க்யுமென்ட் நீளத்துக்கு மட்டும் ஒதுக்கிய பஃபரில் கொட்டும். அனுமதி பார்ப்பதற்கு முன்பே இது நடந்துவிடுவதால் சூடோயர்ஸை இறுக்கிப் பயனில்லை. சூடோவையே சுட்டும் சூடோஎடிட் லிங்கை அழிப்பதும் வீண். அதே பேரில் யாரும் தன் ஹோம் டைரக்டரியில் லிங்க் போட்டுக்கொள்ளலாம்.

அப்டேட் கிடைக்காத மெஷினா? சூடோவின் செட்யூஐடி பிட்டை எடுத்துவிடுங்கள். அதன்பின் சூடோ வேலை செய்யாது, ரூட் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.