பதினோரு பேர் சேர்ந்து ஒரு போர்வை பின்னுவது எப்படி

எங்கள் முதல் போர்வையைப் பிரித்துத்தான் போட்டோம். நாற்பத்தெட்டுச் சதுரங்களையும் என் வீட்டுக் கூடத்தில் தரையில் பரப்பிப் பார்த்த சனிக்கிழமை இன்னும் நினைவிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே குறிப்புத்தான் கொடுத்திருந்தேன். எட்டாம் நம்பர் ஊசி, முப்பத்திரண்டு கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்), ஆறு இஞ்ச் வந்ததும் முடித்துவிடுங்கள் என்று. வந்து சேர்ந்தவற்றில் சில ஐந்தேகால் இஞ்ச், சில ஏழு. சதுரம் என்றே சொல்ல முடியாதவையும் இருந்தன.

ஏழு இஞ்ச் ஆனதன் காரணம் மாலைக்குள் தெரிந்துவிட்டது. எங்களில் ஒரு அக்காவுக்கு மகள் அமெரிக்காவிலிருந்து ஊசி வாங்கி வந்திருந்தாள், அதிலும் எட்டு என்றுதான் போட்டிருந்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் இருப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க எட்டு 5 மில்லிமீட்டர். போதாததற்கு, நம் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அவர்களுடையது தடிக்கும். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் நம்பர் பேச்சே கிடையாது, மில்லிமீட்டர்தான். ஊசியில் எழுத்து தேய்ந்துபோயிருந்தால் ஓட்டை போட்ட அளவு அட்டை ஒன்று வாங்கி, எந்த ஓட்டையில் சரியாக நுழைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி சரியானாலும் கை ஒன்றாகாது. வங்கியில் முப்பது வருடம் நோட்டு எண்ணிய கை என்னுடையது, நூலைத் தளர்வாகத்தான் விடும். எதிர்வீட்டு டீச்சரம்மா பின்னினால் அட்டை மாதிரி நிற்கும். இரண்டு பேரையும் திருத்தப் பார்த்து மூன்று வாரம் வீணாயிற்று. கையை மாற்றாதீர்கள், சதுரத்தை மாற்றுங்கள். மூலையிலிருந்து தொடங்குங்கள்.

மூன்று கண்ணி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியை நிட் (நேர்ப்பின்னல்) போட்டு, இரண்டாவது கண்ணியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டாக எடுத்து, மிச்சத்தை முழுக்க நிட் போட்டு முடியுங்கள். பர்ல் (எதிர்ப்பின்னல்) எங்கேயும் கிடையாது. வரிக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும், துண்டு முக்கோணமாக விரியும். அதன் சாய்வுப் பக்கத்தை (ஊசியில் இருக்கும் பக்கத்தை அல்ல) இஞ்ச் டேப்பால் அளந்து, ஆறு இஞ்ச் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணி நிட், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒரே நிட், மிச்சம் நிட். திரும்ப மூன்று கண்ணி ஆனதும் முடித்து நூலை வெட்டலாம்.

இதில் என்ன லாபம் என்றால், கண்ணியை எண்ணவே வேண்டாம். நடுவில் எனக்கு 42 கண்ணி இருக்கும், டீச்சரம்மாவுக்கு 46. இருவருடையதும் ஆறு இஞ்ச்தான். எல்லா வரியும் நிட் போட்டால் இரண்டு வரியின் உயரம் ஏறத்தாழ ஒரு கண்ணியின் அகலத்துக்குச் சமமாக வரும். அதனால் வரிக்கு ஒன்று கூட்டினால் மூலை தானாகச் செங்கோணமாக விழுகிறது. கை இறுக்கமோ தளர்வோ, இந்தக் கணக்கு மாறாது. ஒரே ஒரு கட்டுப்பாடு, எல்லாரும் ஒரே கடை டேப்பால் அளக்க வேண்டும். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். நாங்கள் டேப்பையே விட்டுவிட்டு, ஆறு இஞ்சுக்கு அட்டை வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டோம்.

நூல் போதுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு வழி. சமையலறைத் தராசு இருந்தால், பின்னத் தொடங்கும் முன் உருண்டையை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். அதுவரை குறைந்த அளவு இன்னொரு தடவை செலவாகும், அவ்வளவுதான். 4 மில்லிமீட்டர் ஊசிக்கேற்ற நடுத்தர உல்லனில் எங்களுக்குச் சதுரத்துக்கு 10 முதல் 12 கிராம் ஆகிறது. அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு என்று நாற்பத்தெட்டுச் சதுரம் போட்டால் மூன்றடிக்கு நாலடி வரும், ஓரத்தையும் சேர்த்து 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் பெரியவர் மடியில் போட்டுக்கொள்ள இந்த அளவு சரி. படுக்கைப் போர்வைக்குப் போதாது.

நூலை ஒரே ஆள், ஒரே நாளில் வாங்க வேண்டும். ஆளாளுக்கு வாங்கி வந்தால் மூன்று வகைச் சிவப்பு சேரும். உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் நிறத்தின் எண்ணோடு லாட் நம்பரும் இருக்கும். நிறம் ஒன்றாக இருந்தும் லாட் வேறானால் சாயம் கொஞ்சம் மாறும், கடை விளக்கில் தெரியாது, வெயிலில் பல்லிளிக்கும். எங்களுக்கு மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா, கணக்கு ஒரு நோட்டில். கணக்கு எழுதுவது நான் அல்ல. வங்கிக்காரியே எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால் வேண்டுமென்றே வேறொருவரிடம் கொடுத்தேன்.

இங்கே நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும், கரண்டும் போகும். அதனால் கறுப்பு, கருநீலம், மெரூன் எல்லாம் கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு. எழுபதைத் தாண்டிய இரண்டு பெரியம்மாக்களுக்கு வெளிர் நிறங்கள் மட்டும். புதிதாகக் கற்க வருகிறவருக்கும் வெளிர் நிறமே கொடுங்கள், கண்ணி எங்கே நழுவியது என்று தெரியும். இடதுகைக்காரர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள், எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் வலதுகை அவருக்கு இடதுகையாகத் தெரியும். இது தெரியாமல் ஒரு பெண்ணை நாங்கள் ஒரு மாதம் அழவிட்டோம்.

டீயும் வர்க்கியும் ஐந்து மணிக்குத்தான், ஊசிகளைப் பைக்குள் வைத்த பிறகு. வர்க்கித் தூள் உல்லனில் ஒட்டினால் தட்டினாலும் போகாது, எறும்பும் தேடி வரும்.

சதுரங்களை இஸ்திரி போட்டு நேராக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நம் கடைகளில் உல்லன் என்று கிடைப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். சூடு பட்டால் அதன் துள்ளல் போய்த் துவண்டுவிடும், பிறகு என்ன செய்தாலும் மீளாது. என் நான்கு சதுரங்கள் அப்படிப் போயின. ஈரமாக்கி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாகப் பரப்பி, மூலைகளை அட்டைக்கு ஒத்துக் குண்டூசியால் குத்திக் காயவிட்டால் போதும். மழை மாதத்தில் மூன்று நாள் ஆகும், பரவாயில்லை.

இனி இணைப்பு. பின்னுவது பதினோரு பேராக இருக்கலாம், இணைப்பது ஒருவரோ இருவரோதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை, கொஞ்சம் சண்டையும் வந்தது. ஆளாளுக்கு இணைத்தால் தையல் ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் வாய் திறக்கும். முதலில் எல்லாவற்றையும் தரையில் அடுக்கிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், எந்த மூலையில் அடர்நிறம் குவிந்திருக்கிறது என்று சட்டெனத் தெரியும். அடுக்கும்போது ஒரு சதுரத்தின் மூலைக்கோடு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயட்டும். நான்கு சேர்ந்தால் வைரம் மாதிரி வரும். பிறகு வரிவரியாகக் குரோஷா ஊசியால், அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால், சிங்கிள் என்ற எளிய கண்ணி போட்டு இணைக்கவும். முதலில் குறுக்குவரிகள் எல்லாம், அப்புறம் நெடுக்கு. நூல்வால்கள் எப்படியும் நூறு இருக்கும். ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள், ஒரு சனிக்கிழமை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஊசியால் உள்ளே ஓட்டிவிட்டால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். கடைசியில் சுற்றிலும் இரண்டு சுற்று சிங்கிள் குரோஷா போட்டால் ஓரம் அலைபாயாது.

பெரிய கணக்கில் இதே வேலையைச் செய்து காட்டியவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. 'மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. எங்கள் மூன்றுக்கு நாலடிக்கே நான் பட்ட பாட்டை நினைத்தால் அவர்கள் எப்படி இணைத்தார்கள் என்று மலைப்பாக இருக்கிறது.

யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவில் யோசிக்காதீர்கள், தொடங்கும் முன்பே போய்க் கேளுங்கள். நாங்கள் ஒரு தடவை கேட்காமல் குழந்தைப் போர்வை பின்னி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நர்சம்மா அன்பாகத்தான் சொன்னார். பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைப்பதால் போர்வையைவிடத் தொப்பிதான் தேவையாம். அன்றிலிருந்து வருடத்தில் இரண்டு மாதம் தொப்பிதான். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர் இருக்கும். தொப்பி இழுபட வேண்டும் என்பதால் 29 சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னுகிறோம். 3.25 ஊசியில் 72 கண்ணி, இரண்டு நிட் இரண்டு பர்ல். பொத்தான், குஞ்சம், ரிப்பன் எதுவும் கூடாது. குழந்தை வாயில் போகும், கழுத்தில் சுற்றும். குறைமாதக் குழந்தைகளுக்கு அளவு மருத்துவமனையில் சொல்கிறபடி.

முதியோர் இல்லத்துக்குப் போர்வை கொடுக்கும்போது இரண்டு வரி எழுதி உள்ளே வைப்போம். குளிர்ந்த தண்ணீரில் துவைக்கவும், கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயவிடவும் என்று. மூன்றாவதாக ஒன்றை நேரிலேயே சொல்லிவிட்டு வருவோம். இங்கே குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவரும் பழக்கம் உண்டு. அக்ரிலிக் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அடுப்புப் பக்கம் போர்வையோடு போகவே கூடாது.

ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் நூல் எடுத்து, லாட் நம்பர்த் தாளோடு சேர்த்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள். கொடுத்த போர்வை திரும்பி வரும். எங்களுடைய ஒரு போர்வை இரண்டு முறை வந்துவிட்டது, முதல் தடவை ஆணியில் மாட்டிக் கிழிந்து, இரண்டாம் தடவை எலி கடித்து. எலி கடித்த இடத்தில் ஒரு சதுரத்தைக் கழற்றிப் புதிதாக வைத்தோம், அதை டீச்சரம்மா பின்னினார். பழையது என்னுடையது. ஆறு இஞ்ச்தான், பொருந்தியது.