எச்.பி.வி. தடுப்பூசி: நீலகிரி மலையில் எங்கே தவறு நடக்கிறது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு உடலுறவில் பரவும் எச்.பி.வி. (ஹ்யூமன் பாப்பிலோமா) வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். தடுப்பூசி தொற்று வராமல் காக்கும். வந்துவிட்ட தொற்றைக் குணமாக்காது. அதனால், "கல்யாணம் நிச்சயமாகட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். 9 முதல் 14 வயதில் எதிர்ப்புச்சக்தி நன்றாக உருவாகும், 2 டோஸ் போதும். 15 வயதானபின் தொடங்கினால் 3.

மருந்தை வெயிலில் வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். உறையவும் கூடாது என்பதுதான் மறந்துபோகிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. மேட்டுப்பாளையத்தில் வாங்கி கோத்தகிரிக்கோ மஞ்சூருக்கோ கொண்டுவரும்போது, மலைப்பாதையில் நேரமாகுமே என்று ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை மருந்தோடு ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். மருந்து நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டியிருக்கிறது. உறைந்தால் துகள்கள் கட்டிதட்டிவிடும். பிறகு உருகினாலும் வீரியம் திரும்பாது. பார்த்தால் நல்ல மருந்து போலவே இருக்கலாம், அதுதான் பயம். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுங்கள். நடுவில் அட்டை வைத்து அடுக்குங்கள். உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அந்த மருந்து வேண்டாம்.

"ஊட்டிக் குளிருக்கு மேசைமேல் வைத்தாலே போதும்" என்பதும் தப்பு. மார்கழியிலும் பகலில் 8 டிகிரி தாண்டிவிடும். ஊசி போடும் ஆஸ்பத்திரியிலேயே மருந்தை வரவழைக்கச் சொல்வதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது தேதி. 2 டோஸுக்கும் நடுவே 6 மாதம். மே விடுமுறையில் தொடங்கினால் அடுத்தது நவம்பர்; மண்சரிவில் குன்னூர் சாலை அடைபடும் காலம். மழைக்குப் பயந்து செப்டம்பரிலேயே போட்டுவிடாதீர்கள். இடைவெளி 5 மாதத்துக்குக் குறைந்தால் இன்னொரு டோஸ் தேவைப்படும். தாமதமானால் கேடில்லை, பொங்கல் கழித்துப் போடலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எங்காவது ஒரே டோஸோடு நிறுத்தினாலும் பதறாதீர்கள்: 9 முதல் 20 வயதுவரை ஒரு டோஸ் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச்சக்தி குறைந்த மற்றவர்களுக்கும் மட்டும் அது போதாது, 3 டோஸ் போடுவதே நல்லது.

முதல் பஸ்ஸைப் பிடித்து வரும் பிள்ளையை வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள். ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார வையுங்கள். சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். கர்ப்பிணிகள் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஊசி போட்டாயிற்று, இனி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. ஊசிக்கு அடங்காத வகைகளும் உண்டு. 30 வயதானதும் சோதனை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது சில நிமிட வேலைதான். மாதவிலக்கு நாளில் மட்டும் போக வேண்டாம். மகளை ஊசிக்குக் கூட்டிவரும் அம்மா, முன்பே கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கே தானும் சோதித்துக்கொண்டால், எஸ்டேட்டில் இன்னொரு நாள் கூலி போகாது.