சப்மாட்யூலுக்கு செட்டிங் அனுப்பும்போது டோக்கனை ஊரெல்லாம் கொடுத்துவிடாதீர்கள்

கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) ரெப்போ ஒன்றுக்குள் வைக்கும் இன்னொரு ரெப்போதான் சப்மாட்யூல். வெளியே இருக்கும் தாய் ரெப்போவில் கிட் கான்ஃபிக் போட்டு ஒன்றை மாற்றினால் சப்மாட்யூலும் கேட்டுக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அது தனி ரெப்போ. அதன் கான்ஃபிக் தாயின் .கிட் ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் தனியாக இருக்கிறது, தாயுடையதை எட்டிக்கூடப் பார்க்காது.

பலர் இதில் மாட்டுவது, டிஸ்க்கிலேயே இருக்கும் ரெப்போவை சப்மாட்யூலாகச் சேர்க்கும்போது. 2022 அக்டோபரில் வந்த 2.38.1 முதல் கிட் அதை விடாது, டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்ட் என்று நின்றுவிடும். தாயின் கான்ஃபிக்கில் என்ன எழுதினாலும் பயனில்லை. இப்படி அடியுங்கள்:

கிட் -சி புரோட்டோகால்.ஃபைல்.அலவ்=ஆல்வேஸ் சப்மாட்யூல் அப்டேட் --இனிட்

-சி கொடுத்தால் அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும்தான், ஆனால் அது என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக எல்லா சப்மாட்யூலுக்கும் இறங்கும். சிலர் இதையே --குளோபலில் (உங்கள் எல்லா ரெப்போவுக்கும் பொருந்தும் கான்ஃபிக்கில்) போட்டுவிடச் சொல்கிறார்கள்; பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வைத்த பூட்டை நிரந்தரமாகத் திறந்து வைப்பதற்கு அது சமம், வேண்டாம்.

சரி, எல்லாவற்றுக்கும் இறங்கும் என்றேனே, வம்பும் அங்கேதான். பிரைவேட் ரெப்போவுக்காக ஹெச்டிடிபி.எக்ஸ்ட்ராஹெடரில் (சர்வருக்குப் போகும் கோரிக்கையோடு கூடுதல் ஹெடரை அனுப்பும் செட்டிங்) டோக்கனை, அதாவது உள்ளே நுழையும் ரகசியச் சாவியை வைத்து --ரிக்கர்சிவ் (சப்மாட்யூலுக்குள் இருக்கும் சப்மாட்யூல்களுக்கும் சேர்த்து) போட்டால், உள்ளே மூன்றாவது அடுக்கில் யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கும் லைப்ரரிக்கும் உங்கள் டோக்கன் போய்ச் சேரும். ஹெச்டிடிபி என்பதற்கும் எக்ஸ்ட்ராஹெடர் என்பதற்கும் நடுவில் உங்கள் சர்வரின் முழு முகவரியை வையுங்கள், அப்போது அந்த முகவரிக்கு மட்டுமே போகும். இன்னொன்று, -சிக்குப் பின்னால் எழுதிய டோக்கன் ஷெல் ஹிஸ்டரியிலும் பிராசஸ் பட்டியலிலும் அப்படியே தெரியும். 2.31 முதல் --கான்ஃபிக்-என்வ் இருக்கிறது: அதில் மதிப்புக்குப் பதிலாக, மதிப்பு இருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரைக் கொடுத்தால் போதும்.

ஈமெயில் மாதிரி நிரந்தரமாக வேண்டியவற்றுக்கு குளோபல் கான்ஃபிக்கில் இன்க்ளூட்இஃப் கிட்டிர் (கிட் ஃபோல்டரின் பாதை பொருந்தினால் மட்டும் இன்னொரு கான்ஃபிக் ஃபைலைச் சேர்க்கும் வசதி) நல்லது. சப்மாட்யூலின் கிட் ஃபோல்டர் தாய்க்குள்தானே இருக்கிறது, பாதை பொருந்திவிடும். எல்லா சப்மாட்யூலிலும் ஒரே கமாண்டை ஓட்டும் சப்மாட்யூல் ஃபோர்ஈச் வைத்தும் ஒவ்வொன்றிலும் எழுதலாம், ஆனால் இப்போது இருப்பவற்றுக்கு மட்டும்தான். --ரிக்கர்சிவ் மறந்தால் முதல் அடுக்கோடு நின்றுவிடும் (நான் மறந்திருக்கிறேன், பாதி கமிட்டில் பழைய ஈமெயில்). சப்மாட்யூல்களின் பட்டியல் இருக்கும் .கிட்மாட்யூல்ஸில் எழுதிவிடலாமே என்று தோன்றும். அது ரெப்போவோடு எல்லோருக்கும் போகிற ஃபைல் என்பதால் யூஆர்எல், பிராஞ்ச் மாதிரி சில கீகளைத்தான் கிட் அதிலிருந்து எடுக்கும்.

எது எங்கிருந்து வந்தது என்று குழம்பினால், ஃபோர்ஈச்சுக்குள் கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின் ஓட்டிப் பாருங்கள். -சி வழியாக வந்ததற்குப் பக்கத்தில் கமாண்ட் லைன் என்றே எழுதியிருக்கும்.