வயிற்றுக் கிருமியும் பெருங்குடல் கட்டியும்: என் பழைய தவறுகள்

போன வாரம் ஆய்வு மாணவி ஒருவர் தன் அட்டவணையைக் காட்டினார். 'கிருமி உண்டு', 'கிருமி இல்லை' என்று இரண்டே பத்திகள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் போட்டேன். வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடி வருபவர்கள் எல்லாரும் இந்தப் பள்ளத்தில் விழுந்துதான் எழுகிறார்கள்.

ஆன்டிபாடி இருந்தால் கிருமி இருப்பதாக எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பது, கிருமி எப்போதோ வந்ததற்கான தடயம் மட்டுமே. மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் அது மாதக் கணக்கில், பலருக்கு ஆண்டுக் கணக்கில், ரத்தத்தில் தங்கிவிடும். மறுபுறம், நெடுங்காலத் தொற்றில் இரைப்பையின் உட்சுவர் நைந்துபோனவர்களிடம் கிருமியும் குறையும், ஆன்டிபாடியும் மங்கும்.

என் முதல் ஆய்வில், சிகிச்சை முடித்தவர்களும் தொற்று உள்ளவர்களும் ஒரே பத்தியில் உட்கார்ந்திருந்தார்கள். 'தொடர்பு இல்லை' என்று முடிவு வந்தது; அதைப் பெருமையாக ஒரு கூட்டத்தில் வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த மருத்துவர், "இவர்களில் எத்தனை பேர் மருந்து சாப்பிட்டவர்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. இரு கூட்டத்தையும் கலந்தால் வேறுபாடு நீர்த்துப்போகும் என்பது அந்த மேடையில்தான் உறைத்தது. ஒன்றரை ஆண்டு உழைப்பை மூட்டை கட்டி வைத்தேன்.

இப்போது தொற்று இருக்கிறதா என்று அறிய யூரியா மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை, இரைப்பைத் திசு ஆகியவையே உதவும். அதிலும் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி ஒளிந்துகொண்டு 'இல்லை' என்று காட்டும். ஆன்டிபாடியை மட்டும் நம்பி, கிருமியே இல்லாதவருக்கு இரண்டாம் முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

வயிற்றுக் கிருமிக்குக் குடலில் என்ன வேலை என்று ஒதுக்குவது

கிருமி பெருங்குடலுக்கு நேரில் போக வேண்டியதில்லை. தொற்றால், இரைப்பை அமிலத்தைத் தூண்டும் ஹார்மோனான காஸ்ட்ரின் சுரப்பு கூடலாம். நோயெதிர்ப்புச் செல்களின் சமநிலை குலையலாம். 2023இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், தொற்று ஏற்பட்ட எலிகளின் குடலில் கட்டிகள் பெருகின, அழற்சியை அடக்கும் டி செல்கள் குறைந்தன, சளியைத் தின்னும் பாக்டீரியாக்கள் கூடின.

சதவீதத்தைக் கண்டு பதறுவது

2024இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை அலசியபோது, தொற்று உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. வாழ்நாளில் 100 பேரில் 4 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது 5ஐக்கூடத் தொடாது. புகை, உடல்பருமன், வறுமை ஆகியவற்றின் பங்கை முழுதாகக் கழிப்பதும் எளிதல்ல. "கிருமிதான் காரணம்" என்று எழுதும் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாலிப்பையும் புற்றுநோயையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

கூடாது. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் எழும் சதை வளர்ச்சி; அதுவே புற்றுநோய் அல்ல.

கிருமியை ஒழித்தாயிற்று, கொலனோஸ்கோபி வேண்டாம் என்பது

கிருமியை ஒழிப்பதும், கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் வேறு வேறு. உரிய வயதில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவியின் அட்டவணையில் இப்போது மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கிறது: 'சிகிச்சை முடித்தவர்'. பாதிப் பெயர்களுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான்.