வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்: ஆரம்பகால இடையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ச்சியில் தாமதம் தெரியும் குழந்தைக்கு முதல் மூன்று வயதுக்குள் உதவி, அதாவது ஆரம்பகால இடையீடு, கிடைப்பது நல்லது என்று இன்று பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பம் வேறு மொழி பேசி, வேறு வழக்கங்களோடு வாழ்கிறது என்றால், உதவ வருபவர்கள் நல்லெண்ணத்தோடேயே சில தவறுகளைச் செய்கிறார்கள்.

அதிகம் கெடுதல் செய்வது, “குழந்தை குழம்புகிறது, வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்” என்ற அறிவுரை. இரண்டு மொழிகளைக் கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள குழந்தைகளாலும் இரு மொழிகளைக் கற்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது குழப்பத்தின் அடையாளம் அல்ல. இருமொழி பேசும் பெரியவர்களும் அதைத்தானே செய்கிறோம்! தெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வருவார். மற்ற நேரமெல்லாம் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் வீட்டார். அவர்களுக்குச் சரளமாக வராத மொழியைத் திணித்தால், பேச்சு “வா”, “உட்கார்”, “வேண்டாம்” என்று சுருங்கிவிடும். கொஞ்சலும் கதையும் காணாமல் போகும். அதிகப் பேச்சு தேவைப்படும் குழந்தைக்கே பேச்சு குறைந்துவிடுகிறது. வீட்டு மொழியை நிறுத்தச் சொல்பவர் டாக்டராகவே இருந்தாலும், எந்த ஆதாரத்தில் சொல்கிறார் என்று பெற்றோர் கேட்கலாம்.

மதிப்பீட்டில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் இருக்கின்றனவா, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்று பார்ப்பது வழக்கம். வீட்டு மொழியில் 35, வெளி மொழியில் 20 சொற்கள் தெரிந்த குழந்தையிடம் ஒரு மொழியை மட்டும் எண்ணினால், இல்லாத தாமதம் பதிவாகிவிடும். ஒரு மொழி மட்டும் பேசும் குழந்தைகளை வைத்து உருவாக்கிய தேர்வை அப்படியே மொழிபெயர்த்து மதிப்பெண் போடுவதிலும் இதே கோளாறு உண்டு. அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான இடையீட்டுச் சட்டம், முடிந்தவரை வீட்டு மொழியிலேயே மதிப்பிடச் சொல்கிறது.

மறுபக்கம், “இரண்டு மொழியில்லையா, மெதுவாகத்தான் பேசும்” என்று காத்திருக்க வைப்பது. உண்மையான மொழிக் குறைபாடு இரண்டு மொழிகளிலும் தெரியும். புதிய மொழி பேசும் வகுப்பில் குழந்தை சில மாதம் மௌனமாக இருப்பது இயல்பு. வீட்டிலும் பேச்சு இல்லையென்றால் அதை இயல்பு என்று தள்ளிவிடக் கூடாது. எப்படியானாலும் காது கேட்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மொழிபெயர்க்க அக்காவையோ அண்ணனையோ உட்கார வைப்பது அடுத்த தவறு. தம்பிக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்ற செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை அம்மாவிடம் சொல்லும்படி ஆகலாம். உறவினர்கள் கசப்பானதை மென்று முழுங்கிவிடுவதும் உண்டு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். சந்திப்புக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், அவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அப்புறம், பேசும்போது பெற்றோரைப் பாருங்கள், மொழிபெயர்ப்பாளரை அல்ல.

இலக்குகளைப் பொறுத்தவரை, தானே எடுத்துச் சாப்பிடுவது, தனி அறையில் தூங்குவது போன்றவை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் முக்கியமில்லை. ஊட்டிவிடுவதை அன்பாகப் பார்க்கும் வீட்டில், கரண்டி பிடிப்பதை முதல் இலக்காக எழுதினால் அது தாளிலேயே நின்றுவிடும். காலை முதல் இரவு வரை நாள் எப்படிப் போகிறது, எந்த நேரம் சிரமம் என்று கேட்டால், குடும்பமே இலக்கைச் சொல்லும். அதே சமயம், “இந்தச் சமூகத்தார் இப்படித்தான்” என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் தவறு. ஒரே மொழி பேசும் இரண்டு வீடுகள் இரண்டு விதமாக இருக்கும்.

கடைசியாக, தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு அது மரியாதை. “புரிந்ததா?” என்பதற்குப் பதில், “இதை வீட்டில் எப்போது செய்து பார்க்க முடியும்?” என்று கேளுங்கள், குழந்தையோடு ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.