இருபது வயதுக்குள் தாயாகும் பெண்ணை வீட்டார் பராமரிக்கும் முறை

இருபது வயது நிறையாத பெண் கருவுற்றிருப்பது தெரிந்தவுடன், பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (அரச மருத்துவிச்சியிடம்) அவளைப் பதிவு செய்வதே வீட்டாரின் முதற் கடமை. எட்டு வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் அயலார் கதைப்பார்களே என்ற கூச்சத்தால் இது மாதக்கணக்கில் தள்ளிப்போவதுண்டு. இளவயதால் வரும் ஆபத்தை இந்த மறைப்பே பெருக்குகிறது என்பது என் கருத்து. பள்ளியை இடைநிறுத்தியமை, வறுமை, பெற்றோர் துணையின்மை, கருத்தடை பற்றிய அறியாமை என்று அவளை இந்நிலைக்குக் கொண்டுவந்த காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றைக் குற்றஞ்சாட்டும் தொனியில் விசாரித்தால் அவள் நோய்க்குறிகளையும் சேர்த்தே மறைப்பாள். பதினாறு வயதுக்குக் குறைந்தவளாயின் சட்ட நடவடிக்கை தொடரும். அதற்கு அஞ்சி வைத்தியசாலையைத் தவிர்க்கலாகாது. இலங்கையில் சிறுவர் உதவிக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

அவளுடைய உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் தாய்க்கும் சிசுவுக்குமான தேவை ஒரே உணவிலிருந்து நிறைவேற வேண்டியுள்ளது. இரத்தச்சோகை எளிதில் வருவது இதனாலேயே. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் கொடுக்காமல் தேசிக்காய்த் தண்ணீருடன் கொடுக்க வேண்டும்; கல்சியக் குளிசையை வேறொரு வேளைக்கு ஒதுக்க வேண்டும். முருங்கையிலை, நெத்தலி, பயறு, முட்டை ஆகியன சாப்பாட்டில் அடிக்கடி இடம்பெறட்டும். கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமா அவளுக்குரியது. வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிட்டால் அவளுக்கு மிஞ்சுவது சொற்பமே.

இளந்தாய்மாருக்கு உயர் இரத்த அழுத்தமும் குறைமாதப் பிரசவமும் நேரும் வாய்ப்பு அதிகம். அழுத்தம் 140/90 ஐ எட்டினாலோ, கடுந்தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோவு, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பிள்ளை பிறந்தபின் மருந்துச் சரக்குகள் அரைத்துச் சேர்த்த சரக்குக் கறி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது பாலூட்டும் தாய்க்குக் கேடாகும். காய்ச்சலும் பிறப்புறுப்பிலிருந்து வெளியேறும் துர்நாற்றமுள்ள கழிவும் கிருமித்தொற்றின் அடையாளங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகையையும் பிள்ளைமீது பற்றின்மையையும் சோம்பல் என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தன்னையோ பிள்ளையையோ துன்புறுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டு இடைவெளியாவது தேவைப்படுவதால், பொருத்தமான கருத்தடை முறையை வைத்தியசாலையை விட்டு வருமுன்பே அவளுடனும் கணவனுடனும் கலந்துபேசித் தீர்மானிப்பது நன்று.