பழைய மரத்தில் மோதிரம்: எங்கே தவறு நடக்கிறது?

பலகையில் துளை போட்டு, அதைச் சுற்றி வட்டமாக அறுத்துத் தேய்த்தால் மோதிரம் ஆகிவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தின் இழை ஒரே திசையில் ஓடுகிறது, மோதிரமோ வட்டம். எதிரெதிரே இரண்டு இடங்களில் இழை மோதிரத்தின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குக் குறுக்காக நிற்கும். இரு விரலால் லேசாக அழுத்தினாலே அங்கேதான் 'டக்' என்று விடும். எவ்வளவு உறுதியான மரமானாலும் இதேதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, உள்ளே உலோக வளையம் கொடுப்பது. இன்னொன்று, இழை நீளவாக்கில் ஓடும்படி மெல்லிய மரச்சீவலை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு தண்டில் பல சுற்று சுற்றுவது. இதில் அவசரம் கூடாது. ஈரம் காயும் முன் சூப்பர் குளூ விட்டால் வெள்ளை பூத்துவிடும். சீவலின் இரு முனைகளையும் உப்புத்தாளில் சரிவாகத் தேய்க்காவிட்டால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மேடாகவே நிற்கும்.

பழைய மரம் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும்; விரலில் நாள் முழுக்கக் கிடக்கும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். பச்சை சாயல் அடிக்கும் வெளிப்புற மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சரக்குப் பலகையில் 'HT' முத்திரை வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறிக்கும். 'MB' என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லி வாயு, ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் ஆணி. காந்தம் இரும்பைக் காட்டும், பித்தளைத் திருகைக் காட்டாது. எந்த மரமானாலும் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள்.

உலோகத்தைப் பளபளவென்று மெருகேற்றிவிட்டு ஒட்டுவதும் வழக்கமான தவறு. வழவழப்பில் பசை பிடிக்காது. ஒட்டும் பக்கத்தை 120 எண் உப்புத்தாளால் கீறி, அசிட்டோனில் துடைத்து, கை படாமல் எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலக்கும் பசை) தடவுங்கள். பழைய செம்பு, பித்தளை சிலருக்கு விரலில் பச்சைக் கறை விடும். அவர்களுக்கு ஸ்டீல் உள்வளையமே நல்லது. துத்தநாகம் பூசிய குழாயைச் சூடேற்றாதீர்கள், அந்தப் புகை காய்ச்சலே கொண்டுவரும்.

அளவை உள்வளையத்தோடு சேர்த்துப் பாருங்கள். அகலமான மோதிரம் இறுக்கமாக இருக்கும், மோதிர அளவு எண்ணில் அரை எண் கூட்டி வையுங்கள்.

கடைசியாகப் பூச்சு. வெறும் எண்ணெய் கை கழுவும் தண்ணீருக்குத் தாங்காது. மெல்லிய சூப்பர் குளூவைப் பல அடுக்காகப் பூசுவதே நிற்கும். மரமும் உலோகமும் சந்திக்கும் விளிம்பைப் பூசாமல் விட்டால், தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்.